உத்தியோகப் போட்டியும் உள்ளத் தூய்மையும்

“கோழி மேய்த்தாலும் கோறணமெந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்து மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வேடிக்கையாகச் சொல்லப்பட்டாலும், இதன் பின்னே ஒரு சமூகத்தின் வரலாறே அடங்கியிருக்கின்றது. மழையையும் கிணற்றையும் மாத்திரமே நம்பிய சிறு நிலத்தில் பயிர் செய்து பெரிய குடும்பங்களைத் தாங்குவது எளிதாக இருக்கவில்லை. எனவே ஆங்கிலக் கல்வி வந்தபோது அதனை இறுகப் பற்றிக்கொண்டவர்கள் கொழும்பிலும் பிற ஊர்களிலும் எழுதுவினைஞர்களானார்கள். வேறு பலர் கடல் கடந்து மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் ஏனைய அரச பகுதிகளிலும் கடமையாற்றினார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் கல்வீடுகள் எழுந்தன; பிள்ளைகள் படித்தார்கள்; கிராமத்துக் கோயில்களின் திருப்பணிகளும் நடைபெற்றன.

இவ்வாறு உத்தியோகம் என்பது தனி ஒருவரின் பிழைப்பாக மட்டும் அமையாமல் ஒரு குடும்பத்தின் தாங்குதூணாகவே அமைந்துவிட்டது. அவ்வாறாயின் அந்த உத்தியோகத்தில் கிடைக்கும் உயர்வும் வெறும் பெருமைக்குரிய விடயம் அன்று. பதவி உயர்ந்தால் சம்பளம் உயரும். அரச சேவையில் இறுதியாகப் பெறும் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டே ஓய்வூதியம் கணிக்கப்படுகின்றது. எனவே ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் இருக்கையில் வரும் ஒரு பதவி உயர்வு, முதுமைக்காலம் முழுவதும் அந்த வீட்டின் அடுப்பங்கரையில் தெரியும். பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்பும், மகளின் திருமணமும், வீட்டுக் கடனும் அந்த உயர்வை எதிர்பார்த்து நிற்பதுண்டு.

ஆனால் வெற்றிடம் ஒன்றாகவும் விண்ணப்பிப்பவர் பலராகவும் இருப்பதே உலக வழக்கம். இங்கேதான் அறம் பற்றிய கேள்வி எழுகின்றது. ஒரு காரியாலயத்தில் ஒரு பதவி வெற்றிடமாகின்றது. அதற்குத் தகுதியுடைய இருவர் விண்ணப்பிக்கிறார்கள். இருவரும் அயலவர்கள், ஒரே கோயிலின் அடியார்கள். நேர்முகப் பரீட்சைக்கு முதல் வெள்ளிக்கிழமை ஒருவர் காலைப் பூசையில் அர்ச்சனை செய்து, கிடைத்தால் 108 தேங்காய் உடைப்பதாகப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கிறார். மற்றவர் மாலைப் பூசைக்கு வந்து, கிடைத்தால் ஓர் அபிஷேகம் செய்விப்பதாக அதே பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கிறார். பிள்ளையார் யாருடைய நேர்த்தியை ஏற்பார்? ஏற்கப்படாதவர் என்ன குற்றம் செய்தார்?

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அன்று. போட்டியின் நடுவே நிற்கும் ஒரு மனிதர் எதனை விரும்பலாம், எதனைச் செய்யலாம், எதனைக் கடவுளிடம் கேட்கலாம் என்ற மூன்று விடயங்களும் இதற்குள் அடங்கியுள்ளன.

முதலாவது, பதவி உயர்வை விரும்புவதே தவறா என்பது. ஆசையே துன்பத்திற்குக் காரணம் என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பு. ஆயினும் துறவியின் அறம் வேறு, இல்லறத்தானின் அறம் வேறு. இல்லறத்தில் இருப்பவர் தம்மை நம்பியவர்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர். நேர்மையான வழியில் தம் வருவாயைப் பெருக்க முயல்வது அவருக்குக் குற்றமாகாது. திருக்குறளில் அறத்துப்பாலின் இறுதியிலே ஊழ் என்ற அதிகாரத்தை வைத்த வள்ளுவர், பொருட்பாலிலே ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். விதியின் வலிமையை அறிந்தவரே முயற்சியையும் கைவிடச் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மேலும், பதவியை வேண்டாம் என்று ஒதுங்குவதெல்லாம் பற்றற்ற நிலையும் அன்று. பதவி உயர்வோடு கஷ்டப் பிரதேசம் ஒன்றிற்கு இடமாற்றமும் சேர்ந்து வருவதுண்டு. சிறு பிள்ளைகளை விட்டுச் செல்ல முடியாத தாய்மார் பலர் அதனாலேயே அதிபர் பதவிக்கோ வேறு உயர் பதவிக்கோ விண்ணப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள். அது குடும்பத்திற்காகச் செய்யும் தியாகம், மதிக்கத்தக்கது. ஆனால் பொறுப்பு வந்தால் பலரோடு முரண்பட வேண்டி வரும் என்று அஞ்சி ஒதுங்குவது வேறு. தகுதியுள்ளவர் அச்சத்தால் ஒதுங்கும்போது அந்தக் கதிரை வெறுமையாக இருப்பதில்லை. தகுதி குறைந்த ஒருவர் அதில் வந்து அமர்கிறார். அதன் விளைவை அனுபவிப்பவர்கள் ஒதுங்கியவர் அல்லர். அந்தக் காரியாலயத்தின் வாசலில் கையில் படிவத்தோடு காத்து நிற்கும் ஏழை மக்களும், அந்தப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளுமே.

ஆகவே விரும்புவதில் குற்றமில்லை. எதனை விரும்புகிறோம் என்பதிலேயே வேறுபாடு இருக்கின்றது. அந்தப் பதவிக்குரிய வேலையை விரும்புவது ஒன்று. அந்தப் பதவி மற்றவருக்குக் கிடைக்கக்கூடாது என்று விரும்புவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உள்ளே இருப்பவருக்கு மாத்திரமே அது தெரியும். “வெளியூரிலிருந்து யாரும் வந்தாலும் பரவாயில்லை, இவருக்கு மட்டும் கிடைக்கக்கூடாது” என்ற எண்ணம் மனத்தில் எழுமாயின், அது பதவி மீதுள்ள விருப்பம் அன்று. அதற்குப் பெயர் அழுக்காறு.

அடுத்து, யாருக்குப் பதவி கிடைப்பது நீதி என்ற கேள்வியும் அவ்வளவு இலகுவானது அன்று. இருவரில் ஒருவர் 25 ஆண்டுகள் சேவையாற்றியவர். எந்தக் கோவை எந்த அலுமாரியில் இருக்கிறது என்பது முதல், எந்தச் சுற்றுநிருபம் எப்போது வந்தது என்பது வரை அவருக்குத் தெரியும். மற்றவர் வயதில் இளையவர், பட்டதாரி, கணினி வேலையில் வல்லவர், தடைதாண்டல் பரீட்சைகளை உரிய காலத்தில் எழுதிச் சித்தியடைந்தவர். மூத்தவர் சேவை மூப்பைச் சொல்கிறார். இளையவர் திறமையைச் சொல்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

சேவை மூப்பு என்பது வயதுக்குக் கொடுக்கும் மரியாதை மாத்திரமன்று. மேலதிகாரி தமக்கு வேண்டியவரை விரும்பியபடி உயர்த்துவதைத் தடுக்கும் வேலியும் அதுவே. திறமை என்பது கெட்டித்தனத்திற்குக் கொடுக்கும் பரிசு மாத்திரமன்று. பொதுமக்களின் வேலை ஒழுங்காக நடைபெறுவதற்குரிய உத்தரவாதமும் அதுவே. வள்ளுவரும் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை வைத்திருக்கிறார். ஆளை ஆராய்ந்து நம்பிக்கை கொள்வது முதலாவது. அவரவர்க்கு ஏற்ற வேலையைக் கொடுத்து நடத்துவது இரண்டாவது. நல்லவர் எல்லோரும் எல்லா வேலைக்கும் பொருத்தமானவர்கள் அல்லர் என்பதை அந்த ஒழுங்கே உணர்த்துகின்றது.

நமது மாகாணத்தில் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலானது. 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற நீண்ட போரின்போது இடம்பெயர்ந்து, சுயவிபரக் கோவைகளையும் சான்றிதழ்களையும் இழந்தவர்கள் பலர். பிறர் வெளியேறியபோதும் தம் கடமை நிலையத்தை விட்டு விலகாமல் மரநிழலில் வகுப்பு நடத்திய ஆசிரியர்களும் உண்டு. பரீட்சைக்குப் படிப்பதற்கு அமைதியான ஓர் இரவுகூட அவர்களுக்குக் கிடைத்ததில்லை. அவர்களுடைய சேவையை எந்தப் புள்ளித்திட்டம் அளக்கும்? அதேவேளை, அக்காலத்தில் குழந்தையாக இருந்து, முகாமிலே படித்து முன்னேறிய இளையவரும் துன்பம் அறியாதவர் அல்லர். எனவே எதிரே நிற்பவரின் உரிமையும் உண்மையானதே என்பதை ஒருவர் ஏற்றுக்கொள்ளும்போதுதான் அந்தப் போட்டி அறத்தின் எல்லைக்குள் வருகின்றது. “எனக்குரியதை அவர் பறிக்க வருகிறார்” என்று எண்ணுபவருக்கு எந்த வழியும் நியாயமாகவே தோன்றும்.

இனி, வழி எது என்பதைப் பார்ப்போம். திருக்குறளில் அழுக்காறாமை 17 ஆவது அதிகாரமாகவும், வெஃகாமை 18 ஆவது அதிகாரமாகவும், புறங்கூறாமை 19 ஆவது அதிகாரமாகவும் அமைந்துள்ளன. ஒரு காரியாலயத்துப் பதவிப் போட்டியை உற்றுநோக்கியவர்களுக்கு இந்த வரிசை தற்செயலானது என்று தோன்றாது. முதலில் மற்றவரின் உயர்வைக் கண்டு மனம் புழுங்குகின்றது. பிறகு அவருக்குரியதைத் தனதாக்க எண்ணுகின்றது. மனத்தோடு நின்ற இந்த நோய் அடுத்ததாக வாய்க்கு வருகின்றது. “நல்ல மனிதர்தான், ஆனால்...” என்று தொடங்கும் ஒரு பேச்சு தேநீர் வேளையில் எழுந்து, பின்னேரத்திற்குள் மேலதிகாரியின் காதை எட்டிவிடுகின்றது.

வாயோடும் அது நிற்பதில்லை. பெயர் போடாத மொட்டைப் பெட்டிசம் ஒன்று தபாலில் போகின்றது. இளையவர் அரச வாகனத்தைச் சொந்த வேலைக்குப் பாவித்தார் என்றோ, மூத்தவர் பணம் வாங்கினார் என்றோ அதில் எழுதப்பட்டிருக்கும். விசாரணை முடியும்வரை பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்படலாம். விசாரணையில் குற்றமற்றவர் என்று தெளிவானாலும் அதற்குள் காலம் கடந்துவிடும். ஊரிலே “புகையாமல் நெருப்பு இருக்குமோ” என்ற பேச்சும் நின்றுவிடும். பெட்டிசம் எழுதியவர் ஒரு தாளையும் ஒரு முத்திரையையுந்தான் செலவழித்தார். எழுதப்பட்டவரோ தம் மானத்தைச் செலவழித்தார்.

இதைவிட அமைதியான வழிகளும் உண்டு. விண்ணப்பம் கோரும் சுற்றுநிருபம் தம் கைக்கு வந்தபோது அதனை முடிவுத்திகதி கடக்கும்வரை மேசை இழுப்பறையில் வைத்திருப்பது ஒரு வழி. மற்றவரின் விண்ணப்பத்தை மேலிடத்துக்கு அனுப்பாமல் தாமதப்படுத்துவது இன்னொரு வழி. இவற்றைச் செய்தவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒருவரையும் திட்டவில்லை. “மறந்துபோனேன்” என்றால் யாராலும் மறுக்க முடியாது. ஆயினும் அவருடைய மனச்சாட்சி மறந்திருக்காது.

அரசியல்வாதியின் சிபாரிசைத் தேடிச் செல்வது மற்றொரு வழி. இந்த வழியை அடைப்பதற்காகவே சோல்பரி அரசியலமைப்பில் அரசாங்க சேவை ஆணைக்குழு ஏற்படுத்தப்பட்டது. 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நியமனப் பொறுப்பை அமைச்சரவையின் கைக்கு மாற்றியது. பின்னர் 2001 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட 17 ஆவது திருத்தம் அந்த ஆணைக்குழுவைச் சுதந்திரமாக்க முயன்றது. அதன் பின்னரும் பல திருத்தங்கள் வந்துபோயின. சட்டம் எத்தனை தடவை வேலியை அடைத்தாலும், வேலியில் பொட்டு வைப்பவர்கள் இருக்கும்வரை அது நிலைக்காது. சிபாரிசுக் கடிதத்தோடு வருபவரைக் குறைகூறும் பலர், தம் பிள்ளைக்கு அத்தகைய கடிதம் ஒன்று கிடைக்குமாயின் அதனை வாங்க மறுப்பார்களா என்பதைத் தமக்குள்ளே கேட்டுப்பார்ப்பது நல்லது.

பதவிப் போட்டியின் இயல்பை விளக்கச் சிவராத்திரியன்று சொல்லப்படும் அடிமுடி தேடிய கதையைவிடப் பொருத்தமானது வேறில்லை. தம்முள் யார் பெரியவர் என்று பிரமனும் திருமாலும் போட்டியிட்டார்கள். சோதிப் பிழம்பாக நின்ற சிவபெருமானின் அடியைத் தேடித் திருமால் பன்றியாகி நிலத்தை அகழ்ந்தார். முடியைத் தேடிப் பிரமன் அன்னமாகிப் பறந்தார். இருவருமே காணவில்லை. தேடிய முயற்சியில் இருவரும் சமம், தோல்வியிலும் சமம். வேறுபாடு அதன் பிறகே ஏற்பட்டது. திருமால் காணவில்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்டார். பிரமனோ முடியைக் கண்டதாகக் கூறி, விழுந்து வந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக்கினார். பிரமனுக்குக் கோயில் வழிபாடு அரிதானதும், தாழம்பூ சிவபூசைக்கு ஆகாதென்று விலக்கப்பட்டதும் அதனாலேயே என்று சொல்வார்கள்.

இந்தக் கதையில் போட்டியிட்டதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. தோற்றதற்காகவும் தண்டிக்கப்படவில்லை. பொய்யே தண்டிக்கப்பட்டது. இன்னொன்றும் இங்கே சிந்திக்கத்தக்கது. தாழம்பூவுக்குப் போட்டியில் எந்தப் பங்கும் இல்லை. அதற்குப் பதவி கிடைக்கப் போவதுமில்லை. மணமுள்ள நல்ல பூ, வேண்டப்பட்டவர் ஒருவர் கேட்டார் என்பதற்காக ஒரு வார்த்தை சொன்னது. இன்றும் ஒவ்வொரு பதவிப் போட்டியிலும் இப்படியான தாழம்பூக்கள் இருக்கின்றன. நண்பருக்காகப் பெட்டிசத்தைக் கையெழுத்து மாற்றி எழுதிக் கொடுப்பவர், பாராத வேலையைப் பார்த்ததாக நற்சான்று வழங்குபவர், கேட்டதை உறுதிப்படுத்தாமல் மேலதிகாரியிடம் சொல்பவர் ஆகியோர் தம்மைப் பாவிகள் என்று நினைப்பதில்லை. உதவி செய்தோம் என்றே நினைக்கிறார்கள்.

இப்போது நேர்த்தி வைத்த அந்த இருவரிடம் திரும்புவோம். கடவுளைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருவருமே நினைத்திருந்தால், அவர்கள் பிள்ளையாரையும் ஒரு சிபாரிசுக்காரராகவே கருதியிருக்கிறார்கள். 108 தேங்காய்க்கு ஒருவர் பக்கமும் அபிஷேகத்துக்கு இன்னொருவர் பக்கமும் சாய்பவராக இறைவனை எண்ணுவது பக்தியாகாது. நேர்முகப் பரீட்சைச் சபையில் பக்கச்சார்பு இருக்கக்கூடாது என்று எதிர்பார்ப்பவர், கோயிலிலே பக்கச்சார்பை வேண்டி நிற்பது முரண்பாடு அல்லவா?

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாக வகுத்துக் கூறும். முன்னர் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இப்பிறவியில் அனுபவத்திற்கு வருவது பிராரத்தம். அதனை அனுபவிக்கும்போது புதிதாக ஈட்டுவது ஆகாமியம். பதவி கிடைப்பதும் கிடைக்காததும் பிராரத்தத்தோடு சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் அதனைப் பெறுவதற்காக ஒருவர் செய்வது ஆகாமியம். முன்னையது அவருடைய கையில் முழுவதும் இல்லை. பின்னையது முழுவதும் அவருடைய கையிலேயே உள்ளது. கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாத ஒரு கதிரைக்காக, நிச்சயமாகத் தம்மோடு வரப்போகும் வினையைச் சேர்த்துக்கொள்வது எத்தகைய வியாபாரம்!

இதனைத் தவறாக விளங்கிக்கொள்ளவும் கூடாது. தகுதியானவரைத் தெரிவுக்குழு வேண்டுமென்றே புறக்கணித்துவிட்டு, “எல்லாம் அவருடைய விதி” என்று சொல்வது சித்தாந்தம் அன்று. அந்தப் பக்கச்சார்பு தெரிவுக்குழுவினரின் ஆகாமியம். அநீதி இழைக்கப்பட்டவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்று எந்த அறநூலும் கூறவில்லை. அரசாங்க சேவை ஆணைக்குழுவின் தீர்மானங்களுக்கு எதிராக முறையிடுவதற்கு 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை இருக்கின்றது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பதை 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரை அடிப்படை உரிமையாக்கியுள்ளது. அந்த உரிமை மீறப்பட்டால் ஒரு மாத காலத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். தம் பெயரையும் முகவரியையும் எழுதி, ஆதாரத்தை இணைத்து, எதிர்த்தரப்பினர் பதில் சொல்ல இடமளித்துச் செய்யப்படுவது மேன்முறையீடு. பெயரை மறைத்து, ஆதாரமின்றி, பதில் சொல்ல இடமளியாமல் செய்யப்படுவது மொட்டைப் பெட்டிசம். ஒன்று பகல், மற்றது இரவு. ஒரு செயலைச் செய்வதற்கு முன் “இதை அவருடைய முகத்துக்கு நேரே நின்று சொல்ல முடியுமா” என்று கேட்டுப்பார்த்தால் எது எதுவென்று விளங்கிவிடும்.

அவ்வாறாயின் கோயிலுக்கு வந்து எதனைக் கேட்பது? படித்தது நினைவில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி கேட்பவர் முன்னிலையில் நாக்குக் குழறாதிருக்க வேண்டும் என்று கேட்கலாம். கிடைத்தால் தலைக்கனம் வராமலும், கிடைக்காவிட்டால் மனம் கசந்து போகாமலும் காக்க வேண்டும் என்று கேட்கலாம். இந்த வேண்டுதலை இருவரும் கேட்கலாம். இருவருக்கும் இறைவன் அருளலாம். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லாமற் போகும் பொருளன்று அது.

தோல்வி கண்டவரின் நிலை கடினமானது. கடிதம் வந்த அன்று வீட்டிலே சமையல் நடந்தாலும் சாப்பாடு இறங்காது. “உங்களுக்கு வாய் இல்லை, அதுதான்” என்று மனைவி சொல்வார். ஊரிலே துக்கம் விசாரிப்பதுபோல் வந்து விடுப்புக் கேட்பவர்களும் உண்டு. அந்த வேளையில் அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். “படித்தும் உழைத்தும் பயனில்லை, ஆள் பிடிக்க வேண்டும்” என்று அவர் சொன்னால், அவர் இழந்தது ஒரு பதவி. பிள்ளை இழந்ததோ உழைப்பின் மீது வைத்த நம்பிக்கை. உண்மையிலேயே அநீதி நடந்திருந்தால் அதனை அநீதி என்றே பிள்ளைக்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதனால் நேர்மையே வீண் என்று சொல்லிவிடக்கூடாது.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களுடைய வாழ்க்கை இங்கே நினைவுகூரத்தக்கது. 1875 ஆம் ஆண்டில் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கையர் அவர். ஆங்கிலேயருடைய ஆட்சியில் உயர் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே உரியனவாக இருந்தன. கேம்பிரிட்ஜில் படித்தவராயினும் இந்நாட்டவர் ஒருவருக்குப் பாதை அகலமாகத் திறந்திருக்கவில்லை. ஆயினும் தமக்குக் கிடைத்த பதிவாளர் நாயகம் பதவியில் இருந்து அவர் ஆற்றிய பணியும், அவருடைய மேற்பார்வையில் நடந்த 1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடும் இன்றும் ஆய்வாளர்களால் பேசப்படுகின்றன. 1913 இல் ஓய்வு பெற்ற அவர் அதனோடு முடங்கிவிடவில்லை. 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதலாவது தலைவரானார். அக்காலத்தில் அவரைவிட உயர்ந்த கதிரையில் அமர்ந்திருந்தவர்கள் பலருடைய பெயரை இன்று எவரும் அறியார். கதிரை மனிதருக்குத் தருவது ஒரு பங்கு. மனிதர் கதிரைக்குத் தருவது இன்னொரு பங்கு. பின்னையதே நிலைத்து நிற்கின்றது.

வெற்றி பெற்றவருக்கும் சோதனை உண்டு. பார்க்கப்போனால் அவருக்கே பெரிய சோதனை. கந்தபுராணக் கலாசாரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சூரபன்மனைத் தெரியும். 1008 அண்டங்களை ஆளும் பேற்றை அவன் யாரிடமும் களவெடுக்கவில்லை. கடும் வேள்வி செய்து முறைப்படி சிவபெருமானிடமே பெற்றான். பெற்ற முறையில் குறையில்லை. பெற்ற பின் நடந்த முறையிலேயே குறை. தேவர்களை மீன் சுமக்க வைத்தபோது அவனுடைய வீழ்ச்சி தொடங்கிவிட்டது. நேற்றுவரை “அண்ணை” என்று அழைத்தவரை இன்று எழுந்து நிற்க வைத்துப் பேசுவதும், தமக்குப் போட்டியாக நின்றவர் என்பதற்காக அவருடைய விடுமுறைக் கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருப்பதும் அளவில் சிறியவை. குணத்திலோ அவையும் மீன் சுமக்க வைத்த செயலைச் சேர்ந்தவையே.

போட்டிக்குப் பின் உறவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் கதை உண்டு. பழத்துக்காக நடந்த போட்டியில் மயிலேறி உலகைச் சுற்றிய முருகன் தோற்றார். தாய் தந்தையரைச் சுற்றிய விநாயகர் வென்றார். முருகன் கோபித்துக்கொண்டு மலைக்குப் போனார் என்பதோடு பலர் கதையை நிறுத்திவிடுகிறார்கள். கந்தபுராணத்தின் வள்ளி திருமணப் படலத்திலோ, தினைப்புனத்தில் தம்பிக்கு உதவி வேண்டியபோது அண்ணன் யானை வடிவாக வந்து நிற்கிறார். அழைத்தவர் தம்பி, வந்தவர் அண்ணன். தோற்றவர் உதவி கேட்பதைத் தாழ்வாக நினைக்கவில்லை. வென்றவர் பழைய கோபத்தைக் கணக்கு வைத்திருக்கவில்லை.

காரியாலயத்திலும் இதுவே நடைபெற வேண்டியது. பதவி பெற்றவர் இளையவராயின், முதல் நாளே மூத்தவரின் மேசைக்குத் தாமாகச் சென்று, “அண்ணை, இந்தக் கோவையை உங்களைப்போல் அறிந்தவர் இங்கே இல்லை, உதவி செய்யுங்கோ” என்று கேட்பதால் அவருடைய அதிகாரம் குறைந்துவிடாது. பதவி பெறாத மூத்தவர் தாம் அறிந்ததை மறைக்காமல் சொல்லிக் கொடுப்பதால் அவருடைய மானமும் குறைந்துவிடாது. இருவரும் முகம் கொடுத்துப் பேசாத காரியாலயத்தில் காய்ந்து போவது பொதுமக்களே. பிறப்புச் சான்றிதழுக்காக மூன்று தடவை பஸ் ஏறி வரும் முதியவருக்கு அந்தக் கோபத்தின் காரணம் தெரியாது. அலைச்சல் மாத்திரமே தெரியும்.

ஊராருக்கும் இதில் பங்குண்டு. பதவி கிடைத்தவரை மாலையிட்டு வரவேற்கும் ஊர், கிடைக்காதவரைக் கண்டதும் பேச்சை மாற்றுகின்றது. “இன்னாருடைய நேர்த்தி பலித்தது” என்று பெருமையாகச் சொல்லும்போது, மற்றவருடைய வழிபாட்டைப் பிள்ளையார் தள்ளிவிட்டார் என்று சொல்லாமற் சொல்லிவிடுகிறோம் என்பதை உணர்வதில்லை. நேர்த்தியை நிறைவேற்றும் அடியார் தம் தேங்காயை நன்றியோடு உடைக்கட்டும். அது வென்றதற்கான கொண்டாட்டமாக அமையாமல், ஏற்ற பொறுப்பைச் சரியாகச் செய்யத் துணை வேண்டும் என்ற வேண்டுதலாக அமைந்தால் நேர்த்திக்கும் பொருள் உண்டு.

தேர்த்திருவிழாவன்று பணிப்பாளரும் சிற்றூழியரும், பதவி பெற்றவரும் பெறாதவரும் ஒரே வடத்தையே பிடிக்கிறார்கள். வடத்தில் முன்னுக்கு நிற்பவர் இழுப்பதால் மட்டும் தேர் அசைவதில்லை. பின்னுக்கு நிற்பவர் கையை விட்டாலும் பாரம் மற்றவர் தோளிலேயே விழும். அந்த ஒரு நாள் காட்டும் பக்குவத்தை எஞ்சிய நாள்களிலும் தத்தம் கடமை நிலையத்துக்குக் கொண்டு செல்ல அடியார் யாவருக்கும் விநாயகப் பெருமானின் திருவருள் கிட்டுவதாக.